உய்யக்கொண்டான் வாய்க்காலில் அந்நிய ஆசாமிகள் அட்டகாசம்! தப்புமா நம்ம ஊர் விரால்?

திருச்சி, காட்டூர்.

மாலை ஐந்தரை மணி இருக்கும். தஞ்சாவூர் ரோட்டில் பஸ்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு அலறுகின்றன. திருவெறும்பூர் பக்கம் ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளர் கூட்டம் டீக்கடைகளை மொய்க்கிறது. இந்தச் சந்தடியில் உய்யக்கொண்டான் வாய்க்கால் பாலத்து ஓரமாக ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கிறது.

இறங்கிய ஆசாமிக்கு நாற்பது வயது இருக்கலாம். கையில் பிளாஸ்டிக் வாளி. வாளியின் மேல் ஈரத்துணி. இடது பக்கம் பார்க்கிறார். வலது பக்கம் பார்க்கிறார்.

வாளியும் கையுமாக ஒருவர் இப்படித் திருதிருவென்று விழித்தால் நிருபருக்குக் கால் சும்மா இருக்குமா? பக்கத்தில் போனோம். கோழிக்கழிவு கொட்ட வந்த பேர்வழி என்றுதான் நினைத்தோம்.

துணியை விலக்கினார். உள்ளே ஓர் ஆமை!

டிபன் தட்டு அகலம் இருந்தது. கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் குங்குமத்தை இழுத்துவிட்ட மாதிரி சிவப்புக் கோடு. கழுத்தை நீட்டி நம்மையே பார்த்தது.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. பொண்ணு ஆசைப்பட்டுதேன்னு வாங்கினது. வாங்கும்போது அஞ்சு ரூபா காசு அளவுதான் இருந்துச்சு. ஆறு வருஷத்துலே இப்படி ஆயிடுச்சு. தண்ணி மாத்தி மாளலே. வீட்டுலே தினம் சண்டை. கொன்னா பாவம். வாய்க்கால்லே விட்டா அது பாட்டுக்குப் பொழைச்சுக்கும், நமக்கும் புண்ணியம்…"

அவர் பேசி முடிக்கவில்லை. கரைக்குக் கீழே இருந்து ஒரு குரல்.

"விடாதீங்கய்யா! அதை மட்டும் விட்டுடாதீங்க!"

தூண்டிலோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பள்ளிக்கூட வயதில் இருந்து இந்த வாய்க்காலில் தூண்டில் போடுகிறாராம்.

"ஏற்கெனவே இதுக்குள்ளே வந்து சேர்ந்தவனுங்களையே சமாளிக்க முடியலே. நீங்க வேற ஒருத்தனைக் கொண்டாந்து இறக்காதீங்க" என்றார்.

யார் அந்த வந்து சேர்ந்தவர்கள்? பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு விசாரித்ததில் ஒரு பெரிய கேஸ் கட்டே கிடைத்தது.

காது இல்லாத 'காது' ஆமை

வாளியில் இருந்த பிரமுகரில் இருந்தே தொடங்குவோம். பெயர் சிவப்புக் காது ஆமை. காது என்பது பெயரில்தான். இருப்பது அந்தச் சிவப்புக் கோடு மட்டும். சொந்த ஊர் அமெரிக்கா, மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். கண்ணாடித் தொட்டியில் வைத்து அழகு பார்க்க உலகம் முழுக்க ஏற்றுமதி ஆனது. வாங்கும்போது விரல் நுனியில் நிற்கும். போகப் போக முக்கால் அடி, ஓர் அடி என்று வளரும். முப்பது ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும். இந்த இரண்டு விஷயத்தையும் கடைக்காரர் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்வதில்லை. இதன் மேல் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கும். குழந்தைகள் ஆமையைத் தொட்டுவிட்டு வாயில் கை வைத்தால் வயிற்றுப்போக்கு, காய்ச்சல். இதனால் அமெரிக்காவிலேயே 1975-ல் ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள். அவர்கள் ஊர் ஆமையை அவர்களே குழந்தை கையில் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். நாம் பிறந்த நாள் பரிசாகக் கொடுக்கிறோம்!

தொட்டியில் இருக்கும்வரை சாது. வாய்க்காலில் விட்டால் வேறு கதை. மீன் முட்டை, தவளைக் குஞ்சு, நத்தை, பாசி, செடி என்று எது கிடைத்தாலும் உள்ளே தள்ளும். ஆமைகளுக்கு வெயில் காய்வது முக்கியம். உடம்பு சூடு ஏறினால்தான் தின்றது ஜீரணமாகும். மரக்கட்டை, கல் என்று வெயில் காயும் இடங்களை எல்லாம் இந்த முரட்டு ஆசாமி பிடித்துக்கொள்வான். நம்ம ஊர் ஆமை தண்ணீருக்குள்ளேயே குளிரில் கிடக்க வேண்டியதுதான். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தயாரித்த 'மிக மோசமான 100 அந்நிய உயிரினங்கள்' பட்டியலில் இவனுக்கும் ஓர் இடம் உண்டு.

நம்ம ஊர் ஆமை என்றால் யார்? வயல், வாய்க்கால், குளம் எல்லாவற்றிலும் சேற்றோடு சேறாகக் கிடக்கும் பாலாமை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு முதல் அட்டவணையில் இடம். அதாவது புலி, யானைக்குச் சமமான அந்தஸ்து! அதைப் பிடித்தாலோ விற்றாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு ஜெயில். 2022-ல் சட்டத்தைத் திருத்தி, அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் ஆக்கிவிட்டார்கள். அதே பாலாமையின் இருப்பிடத்தில் ஓர் அந்நிய ஆமையைக் கொண்டுவந்து இறக்குகிறவர், புண்ணியம் சேர்த்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்.

பெட்டிக்குள் ஆறாயிரம்!

இந்த ஆமைக்கும் திருச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் பலமாகவே இருக்கிறது. புதுக்கோட்டை ரோட்டில் இருக்கும் நம் விமான நிலையத்துச் சுங்க அதிகாரிகளைக் கேட்டால் தெரியும்.

2023-ம் ஆண்டு கோலாலம்பூரில் இருந்து வந்த பயணிகளின் பெட்டிகளைத் திறந்தபோது ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சிவப்புக் காது ஆமைக் குஞ்சுகள்! அதே ஆண்டு ஜூலையில் கோலாலம்பூரில் இருந்து வந்த இன்னொரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள், 2 பல்லிகள். பெட்டியைத் திறந்த அதிகாரியின் கையை நினைத்துப் பார்த்தாலே நமக்கு நடுங்குகிறது.

வேடிக்கை என்னவென்றால் இதே வழியில் எதிர்த் திசையிலும் கடத்தல் நடக்கிறது. அமெரிக்க ஆமை உள்ளே வருகிறது. நம்ம நட்சத்திர ஆமை வெளியே போகிறது! முதுகில் நட்சத்திரம் வரைந்த மாதிரி இருக்கும் அந்தத் தரை ஆமையை 2019-ல் சர்வதேச வியாபாரத் தடைப் பட்டியலின் முதல் வரிசைக்கு உயர்த்தினார்கள். அப்படியும் பெட்டிகளில் பிடிபடுகிறது.

பிடிபட்டவற்றை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். பிடிபடாமல் தப்பியவை எங்கே போகும்? வளர்ப்புப் பிராணிக் கடைக்கு. அங்கிருந்து கண்ணாடித் தொட்டிக்கு. அலுத்துப்போனால் ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு. வாளி எங்கே வந்து நிற்கிறது என்பதைத்தான் காட்டூரில் பார்த்தோமே!

கோழிக்கழிவில் கொழுத்த கெளுத்தி

பெரியவர் தன் பையைத் திறந்து காட்டினார். அன்று கிடைத்தது ஏழு மீன். ஏழும் ஜிலேபி கெண்டை.

"முன்னே இந்த இடத்துலே உட்கார்ந்தா விரால் வரும், குரவை வரும், கெளுத்தி வரும். ஆரால் சுத்திக்கிட்டு வரும், பார்க்கப் பாம்பு மாதிரி இருக்கும். தண்ணி விட்ட புதுசுலே அயிரையை ஆத்தா துணியாலே அள்ளுவா. இப்ப எதைப் போட்டாலும் இந்த ஜிலேபிதான் வருது தம்பி."

ஜிலேபி கெண்டை என்று செல்லப்பேர் வைத்துவிட்டதால் நம்ம ஊர் மீன் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. திலேபியா என்ற ஆப்பிரிக்க மீன். 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. மலிவான மீன் என்று கொண்டுவந்தார்கள். முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காக்கும். அடிக்கடி குஞ்சு பொரிக்கும். ஒரு குளத்தில் நுழைந்தால் கொஞ்ச நாளில் குளமே அதன் குடும்பச் சொத்து.

இது பழைய கேஸ். இனி முடிக்க முடியாத கேஸ் என்றும் சொல்லலாம். புதிய கேஸ்தான் பயங்கரம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி! 1990-களில் வங்கதேசம் வழியாகத் திருட்டுத்தனமாக நுழைந்தது. மத்திய அரசு இதை வளர்க்கவே கூடாது என்று 2000-ல் தடை விதித்தது. தடை போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் தோட்டத்துக்குள், தோப்புக்குள் குட்டை வெட்டி வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் மீன்வளத் துறையினர் ரெய்டு நடத்தி, குட்டையில் இருந்த மீன்களைப் பிடித்து அழித்தார்கள்.

ஏன் வளர்க்கிறார்கள்? தீனிச் செலவு கிடையாது. கறிக்கடையில் வீணாகும் குடல், கோழிக்கழிவு, அழுகிய இறைச்சி எதைக் கொட்டினாலும் தின்று கொழுக்கும். காற்றில் இருந்தே மூச்சு விடும் என்பதால் சாக்கடைத் தண்ணீர் போதும். மழை பெய்து குட்டை நிரம்பினால் ஈரத் தரையில் நெளிந்து நெளிந்து பக்கத்து வாய்க்காலுக்கே போய்விடும். வாய்க்காலில் விழுந்தால் சின்ன மீன், பெரிய மீன், தவளை, நண்டு எதையும் விடாது. ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மீன் இது. நம்ம நாட்டுக் கெளுத்தி ஒரு சாண் நீளம். சண்டைக்கு நின்றால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இதை 'நாட்டுக் கெளுத்தி' என்று சொல்லி விற்கும் புண்ணியவான்களும் உண்டு. வாங்குகிறவர்கள் கவனிக்க: தலை அகலமாகத் தட்டையாக இருக்கும். உடம்பு முழுக்கக் கறுப்பு, சாம்பல் திட்டு. மீசை நீளம். ஆள் கனம். சந்தேகம் வந்தால் வாங்காதீர்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் வளர்க்கவும் ஆள் இருக்காது.

இன்னும் இரண்டு பேர் பட்டியலில் உண்டு. ஒருவன் சக்கர் மீன். தென் அமெரிக்காவில் இருந்து வந்தவன். தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்பதால் 'டேங்க் கிளீனர்' என்று விற்கிறார்கள். உடம்பெல்லாம் கவசம். வலையில் விழுந்தால் வலை கிழியும். கரையில் வளை தோண்டிக் குடியிருப்பான். மண் கரையில் அடுத்தடுத்து வளை விழுந்தால் கரை என்ன ஆகும் என்பது வயல்காரர்களுக்குத் தெரியும். இதையும் தொட்டி சிறிதானதும் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள்.

இன்னொருவன் கம்பூசியா. கொசுப்புழு தின்பான் என்று 1928-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்து, ஊர் ஊராக உள்ளாட்சிகளே குளத்தில் விட்ட மீன். கொசுப்புழு தின்பது உண்மைதான். கூடவே மற்ற மீனின் முட்டையையும், தவளைக் குஞ்சையும் சேர்த்துத் தின்றுவிடுகிறான். திருடனைப் பிடிக்க வைத்த காவல்காரன் வீட்டுச் சாமானையும் தூக்கிய கதை! இத்தனைக்கும் கொசுப்புழுவை விரும்பித் தின்னும் நம்ம ஊர் மீனே உண்டு. தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி மின்னிக்கொண்டு, தண்ணீரின் மேல்பரப்பிலேயே திரியுமே, அந்தச் சின்ன மீன்தான். வீட்டுக் கிணற்றில் பலர் பார்த்திருப்பார்கள்.

ராஜராஜன் வெட்டிய வாய்க்கால்

இந்த வாய்க்கால் நேற்று வெட்டியதல்ல. ராஜராஜ சோழன் காலத்தது. அவனுடைய பட்டப்பெயரே உய்யக்கொண்டான். பேட்டவாய்த்தலையில் காவிரியில் பிரிந்து, திருச்சி நகரத்துக்குள் புகுந்து, அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் என்று போய் வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. நீளம் சுமார் 70 கிலோமீட்டர். 32 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். ஆயிரம் வருஷமாக இந்தத் தண்ணீரில் நெல் மட்டுமா வளர்ந்தது? விரால், கெளுத்தி, பாலாமை, நண்டு, தவளை, அவற்றைத் தின்னும் நீர்க்காகம், மீன்கொத்தி, மடையான் எல்லாமே இதை நம்பித்தான் வளர்ந்தன.

நகரத்துக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது. வீட்டுக் கழிவுநீர் பல இடங்களில் நேராக இதில் விழுகிறது. குப்பை விழுகிறது. ஆகாயத்தாமரை மூடிக்கொள்கிறது. இதுவும் தென் அமெரிக்க இறக்குமதிதான்! இலை மூடினால் வெயில் உள்ளே போகாது. அழுகினால் தண்ணீரில் இருக்கும் பிராணவாயு குறையும். மேட்டூரில் இருந்து தண்ணீர் வரும் மாதங்களில் அழுக்கு ஓடிவிடும். மேட்டூர் மூடிய மாதங்களில் காட்டூரில் ஓடுவதில் காவிரி எவ்வளவு, சாக்கடை எவ்வளவு என்பதை மூக்கே சொல்லும்.

அந்நிய ஆசாமிகள் ஜெயிப்பதன் ரகசியம் இதுதான். ஜிலேபி, ஆப்பிரிக்கக் கெளுத்தி, சக்கர் மூன்றுமே கெட்ட தண்ணீரைத் தாங்கும். நாம் வாய்க்காலைச் சாக்கடை ஆக்க ஆக்க, அவர்களுக்கு மாப்பிள்ளை வரவேற்பு.

விராலும் மேலே வந்து காற்றை விழுங்கும் மீன்தானே, அது ஏன் குறைகிறது என்று பெரியவரைக் கேட்டோம். அவர் கரையைக் காட்டினார்.

"விரால் கரையோரப் புல்லுலேதான் குடும்பம் நடத்தும் தம்பி. முட்டை பொரிச்சதும் குஞ்சுங்க செக்கச் செவேல்னு கூட்டமா மேலே வரும். அப்பனும் ஆத்தாளும் கீழேயே காவல் நிக்கும். நாங்க அப்போ தூண்டில் போட மாட்டோம். புல் இல்லாத கரையிலே அது எங்கே போகும்?"

சரியான பாயிண்ட். நகருக்குள் சில இடங்களில் வாய்க்கால் கரைக்குச் சுவர் கட்டி, நடைபாதை போட்டு, விளக்கு வைத்து அழகாக்கியிருக்கிறார்கள். கோர்ட் பக்கம் 'ஸ்மார்ட் சிட்டி' பணத்தில் செய்த வேலையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். காலையில் நடக்க வசதிதான். மறுக்கவில்லை. ஆனால் சிமெண்டுச் சுவரில் புல் முளைக்காது. நண்டு வளை போடாது. மண் கரையில் துளை போட்டு முட்டையிடும் மீன்கொத்திக்கு அலகுதான் உடையும். காட்டூர், எல்லக்குடி பக்கம் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. இங்கே இன்னும் மண் கரை மிச்சம் இருக்கிறது. அழகுபடுத்தும் திட்டம் ஏதாவது இந்தப் பக்கம் வந்தால், ஒரு பக்கக் கரையையாவது புல்லோடு விட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும்?

இதே மேட்டூர்த் தண்ணீர், புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக அரியலூர் மாவட்டம் கரைவெட்டி ஏரிக்கும் போகிறது. அங்கே இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்குகிறது. 1999-ல் சரணாலயம் ஆனது. 2024 ஜனவரியில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நீர்நிலை என்ற பட்டமும் கிடைத்தது. காவிரிக்கு மேலே, கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லையில் 2022-ல் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் என்று 686 சதுர கிலோமீட்டரை ஒதுக்கினார்கள். நீர்நாய்க்கும் முதலைக்கும் ஆற்றாமைக்கும் அங்கே காவல் உண்டு. ஆறு மேலே பத்திரமாக இருக்கிறது, ஓரத்து ஏரியும் பத்திரமாக இருக்கிறது. நடுவில் நம்ம ஊருக்குள் ஓடும்போதுதான் அதற்கு நாதி இல்லை.

சரி, ஆமையை என்ன செய்வது?

வாளிக்காரர் இவ்வளவையும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகம் வாடிவிட்டது.

"எல்லாம் சரிங்க. இதை நான் எங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது? அதைச் சொல்லுங்க முதல்லே" என்றார்.

கேட்டது நியாயமான கேள்வி. கேரளத்தில் திருச்சூர் பக்கம் ஒரு கால்வாயில் இந்த ஆமை கிடைத்தபோது, பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் முந்திக்கொண்டார்கள். வீட்டில் வைத்திருப்பவர்கள் ஆற்றில் விடாதீர்கள், எங்களிடம் கொண்டுவந்து கொடுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார்கள். கொடுப்பவரைத் திட்டவில்லை, வழக்குப் போடவில்லை.

திருச்சியிலும் வனத்துறையோ மாநகராட்சியோ இப்படி ஒரு தொட்டி கட்டி, 'வேண்டாத ஆமை, வேண்டாத தொட்டி மீன் இங்கே கொடுக்கவும்' என்று ஒரு போர்டு மாட்டினால் ஆகிற செலவு எவ்வளவு? ஒரு பாராட்டு விழாப் பந்தல் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆமை விற்கிற கடையிலேயே 'வளர்ந்ததும் திருப்பித் தரலாம்' என்று எழுதி வாங்கச் செய்யலாம். அப்போது கடைக்காரரும் யோசித்து விற்பார்.

அந்நிய உயிரினங்களை இறக்குமதி செய்வதையும், வைத்திருப்பதையும், பெருக்குவதையும் ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்து 2022 சட்டத் திருத்தத்திலேயே ஒரு புதுப் பிரிவு சேர்த்திருக்கிறார்கள். சட்டம் டெல்லியில் இருக்கிறது. வாளி காட்டூரில் இருக்கிறது. இரண்டும் சந்திக்க வேண்டும்.

அதுவரை? வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பெரிய தொட்டி, வெயில் காய ஒரு கல், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. வேறு வழி இல்லை.

வாளிக்காரர் ஈரத்துணியை மறுபடி போட்டு மூடினார். ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே வாளியை வைத்தார். கிக்கரை உதைக்கப் போனவர் நிறுத்திவிட்டுப் பெரியவரைப் பார்த்தார்.

"ஐயா, முப்பது வருஷமா இருக்கும்னீங்க?"

"இருக்கும்னுதான் சொல்றாங்க."

"ஆறு வருஷம் ஆச்சு. இன்னும் இருபத்து நாலு." கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "பொண்ணு கல்யாணத்துக்கு இதுவும் சீர்வரிசையிலே போகும் போலிருக்கே!"

ஸ்கூட்டர் தஞ்சாவூர் ரோட்டில் கலந்தது. பெரியவர் தூண்டிலைப் பார்க்கக் கீழே இறங்கினார். தக்கை ஆடியது. இழுத்தார்.

எட்டாவது ஜிலேபி.